அக்கரையில் இருந்த துடுப்பு

1983ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில், அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றின் பிற்பகலில், ஓடெல் ப்ரூவிட்டை நான் முதன்முதலாகப் பார்த்தேன். அப்போது அவர் எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த மின்கம்பத்தின் உச்சியில் இருந்தார். முந்தைய நாள் வீசிய காற்றில் பெக்கான் மரத்தின் கிளை ஒன்று முறிந்து கம்பியின்மேல் விழுந்திருந்தது. அதைச் சரிசெய்து, எங்கள் சமையலறையில் விளக்கு எரிந்த பிறகும் அவர் இறங்கவில்லை. கம்பத்தின் மேலிருந்து ஓர் ஆட்டத்தின் வருணனை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. கால்மணி நேரம் கழித்து இறங்கி வந்தவர், சட்டைப்பையிலிருந்த சிறிய வானொலியை அணைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

"மன்னிச்சுக்குங்க மேடம். உச்சியிலதான் சத்தம் தெளிவா கேக்குது. கடைசி அஞ்சு நிமிஷத்தை விட்டுட்டு எறங்க மனசு வரல."

"பரவாயில்லை" என்றேன்.

"நீங்க எந்தப் பக்கம்? தாக்ஸ்டனா, பெல்லமியா?"

"நாங்கள் எந்தப் பக்கமும் இல்லை. இந்த ஊருக்கு வந்து மூன்று வாரங்கள்தாம் ஆகின்றன."

வீட்டில் துக்கம் நடந்ததைக் கேட்டவர்போல அவர் என்னைப் பார்த்தார். "அப்படி ஒரு பக்கம் இங்க கெடையாதுங்களே. சரி, அவசரமில்ல, யோசிச்சு முடிவு பண்ணுங்க. ஆனா நவம்பருக்குள்ள பண்ணிடுங்க."

அதன் பிறகுதான் என் பெயரைக் கேட்டார். அவர் வீடு எங்கள் வீட்டிலிருந்து நான்காவது வீடு என்பது அன்றைக்குத் தெரிந்தது. அடுத்த இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு நான் அவருக்கு 'மிஸ் கோமதி'யாக இருந்தேன்.

தாக்ஸ்டன் ஆற்றின் இக்கரையிலும் பெல்லமி அக்கரையிலும் இருக்கின்றன. இரண்டு ஊர்களிலும் ஊரின் பெயரிலேயே ஒரு கல்லூரி உண்டு. நான் தாக்ஸ்டன் கல்லூரியின் நூலகத்தில் வேலை பார்த்தேன். ஆனால் அக்கல்லூரியைத் தம்முடையது என்று எண்ணியவர் ஓடெல்தான். அவர் அதில் ஒரு நாளும் படித்தவரல்லர். மர அறுவை ஆலையில் தந்தையின் கை போனபோது, பதினைந்தாம் வயதில் பள்ளியை விட்டவர். மைதானத்தின் விளக்குகளைப் பழுது பார்ப்பதற்கும், சனிக்கிழமைகளில் ஆட்டம் பார்ப்பதற்குமே கல்லூரி வாசலை மிதித்தார். ஆயினும் அணியைப் பற்றிப் பேசும்போது 'நாம' என்றுதான் சொல்வார். தாம் பிறப்பதற்கு எட்டு ஆண்டுகள் முன் நடந்த ஆட்டத்தைப் பற்றியும் "முப்பத்தெட்டுல நாம அவங்களைப் பொரட்டிப் பொரட்டி எடுத்தோம்" என்பார்.

ஆட்டத்தின் பெயர் கால்பந்து என்றாலும், முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு எதிரணியை முட்டித் தள்ளி முன்னேறுவதே அதில் பெரும்பகுதி. உதைப்பதற்கென்று தனியே ஓர் ஆட்டக்காரர் இருப்பார். இரண்டு கம்பங்களுக்கு நடுவே அவர் பந்தைச் செலுத்திவிட்டால் மூன்று புள்ளிகள் கிடைக்கும். ஓடெலின் வாழ்க்கையில் அந்த உதைக்குப் பெரிய இடம் இருந்தது. 1974ஆம் ஆண்டில் அவர் கண்கொட்டாமல் பார்த்த மூன்று உதைகள் தொடர்ந்து தவறின. நான்காவதன்போது, கீழே சிந்திய வேகவைத்த வேர்க்கடலையைப் பொறுக்கக் குனிந்திருந்தார். அது சரியாக நடுவில் போயிற்று. அன்றிலிருந்து தாக்ஸ்டனின் உதை எதையும் அவர் பார்த்ததில்லை. முப்பத்தொன்றாம் வரிசையில் எழுந்து, மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்வார். பக்கத்தில் அமர்ந்திருக்கும் அவர் மனைவி ஜெனீவா "உள்ளே" என்றோ "வெளியே" என்றோ சொன்ன பிறகுதான் திரும்புவார்.

ஜெனீவா பள்ளிச் சமையற்கூடத்தில் வேலை செய்தவர். பிறந்தது அக்கரையில், பெல்லமியில். அவருடைய அண்ணன் ஹாய்ட் இன்றும் அங்கேதான் இருக்கிறார். பெல்லமிக்காரர் ஒருவருக்கு எவ்வளவு குரல் தேவையோ அவ்வளவு குரலும் அவருக்கு உண்டு. ஆற்றுக்குப் பாலம் வருவதற்கு முன் இரண்டு ஊர்களுக்கும் இடையே ஓடிய படகின் துடுப்புதான் இவ்விரு கல்லூரிகளும் ஆண்டுதோறும் நவம்பரில் மோதிக்கொள்ளும் ஆட்டத்தின் பரிசு. வென்ற ஊர் ஓராண்டுக்கு அதை வைத்துக்கொள்ளும். 2001இல் பெல்லமி வென்று எடுத்துக்கொண்டு போன துடுப்பு, அடுத்த பத்து ஆண்டுகளும் இக்கரைக்குத் திரும்பவில்லை. ஆட்டம் முடிந்த மறுநாள் ஹாய்ட் தவறாமல் தங்கை வீட்டுக்குச் சாப்பிட வருவார்.

"ஜெனீவா, சூப்பு கிண்டத் துடுப்பு வேணும்னா சொல்லு, எங்க ஊர்ல ஒண்ணு சும்மா கெடக்கு" என்பார்.

"உன் வாயைக் கிண்டவே அது பத்தாதுடா" என்பார் ஓடெல். அதன் பிறகு இருவரும் மாலை வரை ஒருவரையொருவர் ஏசிக்கொண்டே பன்றி விலாக்கறியை ஒரு தட்டு மிச்சம் வைக்காமல் முடிப்பார்கள்.

2011ஆம் ஆண்டின் வசந்தத்தில் அந்தச் செய்தி வந்தது. பெல்லமி பெரிய கல்லூரிகளின் குழுவில் சேரப்போகிறது. ஆகவே வரும் நவம்பரில் நடப்பதே துடுப்புக்கான கடைசி ஆட்டம். அதுவரை இரண்டு அணிகளும் நாற்பத்தாறு முறை வென்று சமநிலையில் இருந்தன. கடைசி ஆட்டத்தில் வெல்பவர் என்றென்றைக்கும் முன்னால் இருப்பார். தோற்பவருக்கு 'அடுத்த வருஷம்' என்று சொல்லிக்கொள்ளும் வாய்ப்புக்கூட இராது. அந்தக் கோடைக்காலம் முழுவதும் ஓடெல் வேறு எதையும் பற்றிப் பேசவில்லை.

செப்டம்பரில், மைதானத்தின் படிகளில் ஏறும்போது அவர் இரண்டு இடங்களில் உட்கார வேண்டியதாயிற்று. அறுபது மைல் தொலைவிலுள்ள மருத்துவமனையில் சோதித்துப் பார்த்து, இதய வால்வு ஒன்று மிகவும் சுருங்கிவிட்டது என்றும், மாற்றியாக வேண்டும் என்றும் சொன்னார்கள். நவம்பர் இரண்டாம் தேதி அறுவைக்கு நாள் குறித்தார்கள். ஓடெல் தொலைபேசியில் பேசி அதை இருபத்தொன்றுக்கு மாற்றிக்கொண்டார். பத்தொன்பதாம் தேதி, சனிக்கிழமை, ஆட்டம். ஏன் மாற்றுகிறீர்கள் என்று மருத்துவமனையில் எவரும் கேட்கவில்லை. இந்தப் பக்கத்தில் நவம்பர் மாதத்து நாள்களை எல்லாரும் அப்படித்தான் மாற்றுவார்கள். அங்கே தொலைபேசியை எடுத்த பெண்ணும் இந்தப் பக்கத்தைச் சேர்ந்தவரே.

ஜெனீவா அதைக் கண்டுபிடித்த அன்று என்னைக் கூப்பிட்டனுப்பினார். நான் போனபோது இருவரும் சமையலறையில் இருந்தார்கள்.

"நீங்களே கேளுங்க மிஸ் கோமதி. நெஞ்சை அறுக்குற தேதியை, தலைமுடி வெட்டிக்கிற தேதி மாதிரி தள்ளி வெச்சிருக்காரு."

"ஒம்பது ஆட்டம் ஆடியாச்சு, ஒண்ணுகூடத் தோக்கல" என்றார் ஓடெல். "இப்படி ஒரு வருஷம் இனிமே வருமா? இப்பப் போய் என்னைப் படுக்கப் போட்டு அறுத்துட்டா, முழிக்கிறப்போ எனக்கு என்ன இருக்கும்?"

"நான் இருப்பேன்" என்றார் ஜெனீவா.

"நீ எப்பவும்தானே இருக்க."

அன்பாகத்தான் சொன்னார். ஆனால் ஜெனீவா துடைத்துக்கொண்டிருந்த தட்டை அப்படியே மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

துடுப்பு ஆட்டத்துக்கு முந்தைய சனிக்கிழமை, பட்டியலின் அடியில் கிடந்த ஒரு சிறிய கல்லூரியின் அணி தாக்ஸ்டனுக்கு ஆட வந்தது. அதை எவரும் ஓர் ஆட்டமாகவே எண்ணவில்லை. அன்று காலை ஜெனீவா மைதானத்துக்கு வர மறுத்தார். முப்பத்தேழு ஆண்டுகளில் அதுவே முதல் தடவை.

"அந்தப் படியில நீ சாயறதைப் பக்கத்துல உக்காந்து பாக்க எனக்குத் தெம்பில்ல, ஓடெல். வேணும்னா தனியாப் போ."

ஓடெல் தனியாகப் போனார். ஆட்டம் முடிய ஆறு நொடிகள் இருந்தபோது தாக்ஸ்டன் பத்துக்குப் பதின்மூன்று என்று பின்தங்கி நின்றது. உதைக்கும் இளைஞன் களத்துக்குள் வந்தான். அவன் அந்த ஆண்டு ஒன்றையும் தவறவிடாதவன், தூரமும் அதிகமில்லை. சமன் செய்துவிட்டால் கூடுதல் நேரத்தில் வென்றுவிடலாம். ஓடெல் வழக்கம்போல எழுந்து முதுகைக் காட்டி நின்றார். மைதானம் அடங்கிவிட்டது. பந்தின்மேல் கால் படும் ஓசை கேட்டது. பக்கத்து இருக்கையிலிருந்து எந்தக் குரலும் வரவில்லை. அந்த அமைதியைத் தாங்க முடியாமல் அவர் திரும்பினார். பந்து வலப்பக்கக் கம்பத்தில் மோதிக் கீழே விழுவதைப் பார்த்தார்.

"நடுவுலதான் போயிட்டிருந்துது மிஸ் கோமதி" என்று மறுநாள், தேவாலயத்திலிருந்து திரும்பும் வழியில் என்னிடம் சொன்னார். "நான் திரும்பினேன், அது வளைஞ்சுடுச்சு."

"இருபதாயிரம் பேர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஓடெல்."

"அவங்க எப்பவும் பாக்கறவங்க. அவங்களால ஒண்ணும் ஆகாது. நான் பாக்காதவன்."

அவருடைய கணக்கு தவறு என்று எனக்குத் தெரியும். ஆனால் அதில் எந்த இடத்தில் கை வைத்துத் தவறு என்று காட்டுவது என்பது எனக்கு விளங்கவில்லை.

திங்கட்கிழமை ஹாய்ட் தொலைபேசியில் அழைத்தார். ஜெனீவா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். ஹாய்டின் குரல் அறை முழுவதும் கேட்டது.

"என்ன மச்சான், துடுப்பை மாட்டச் சுவத்துல ஆணியெல்லாம் அடிச்சு வெச்சிருக்கியாமே? அதுல உன் தொப்பியை மாட்டிக்கோ. அந்தச் சுண்டைக்காய்ப் பசங்களுக்கே மூணு புள்ளி அடிக்க முடியல, எங்ககிட்ட வந்து என்னடா அடிப்பீங்க?"

"ம்."

"உங்க பையன் கம்பத்துக்கு முத்தம் குடுத்தானாமே, ஊரெல்லாம் பேச்சு."

"ம்."

"டேய், திருப்பி ஏதாவது சொல்லுடா. நான் மட்டும் கத்திட்டிருந்தா பைத்தியக்காரன் மாதிரி இருக்கு."

"நீ சொல்றது சரிதான் ஹாய்ட். இந்தத் தடவையும் நீங்கதான்."

ஓடெல் தொலைபேசியை வைத்துவிட்டு வெளியே போனார். இரண்டு நிமிடங்களில் அது மீண்டும் ஒலித்தது, ஜெனீவா எடுத்தார். இப்போது ஹாய்டின் குரல் தாழ்ந்திருந்தது.

"ஜெனீவா, அவன் என்னோட சண்டை போடல. நாப்பது வருஷத்துல ஒருநாள்கூட இப்படி இருந்ததில்ல. அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. வரமாட்டேன்னா நான் வந்து தூக்கிட்டுப் போறேன்."

ஜெனீவா மருத்துவமனையோடு பேசினார். வியாழக்கிழமை ஓர் இடம் காலியாக இருப்பதாகச் சொன்னார்கள். ஓடெல் வேண்டாம் என்றார்.

"இனிமே எதுக்காகக் காத்திருக்க? எல்லாம்தான் போச்சே!" என்று ஜெனீவா அழுதார்.

"அப்போ ஆசைக்காகத் தள்ளினேன்" என்றார் ஓடெல். "இப்போ எதுக்குப் போகணும்னே தெரியல."

செவ்வாய்க்கிழமை மாலை ஒரு தாளை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். உதைத்த இளைஞனைக் கால்நடைத் தீவனக் கடையில் ஆளாளுக்குத் திட்டுகிறார்கள் என்றும், அவன் விடுதி வாசலில் எவனோ குப்பையைக் கொட்டிவிட்டான் என்றும் கேள்விப்பட்டு, அவனுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். பிழை திருத்தித் தரவேண்டும் என்றார். நான் ஒன்பது எழுத்துப்பிழைகளைத் திருத்தினேன். மற்றபடி அவர் எழுதியபடியே விட்டுவிட்டேன். 'தம்பி, நான் முப்பத்தொன்றாம் வரிசையில் உட்காருகிறவன். உன்மேல் தப்பு இல்லை. நான் திரும்பிவிட்டேன். சனிக்கிழமை நான் மைதானத்துக்கு வரமாட்டேன், அதனால் நீ பயப்படாமல் உதை' என்பதே அதன் சாரம்.

"நீங்கள் கட்டாயம் போக வேண்டும்" என்றேன். "அது கடைசி ஆட்டம்."

"அதனாலதான் போகக் கூடாது."

புதன்கிழமைதோறும் மாலையில் தேவாலயத்தில் வேண்டுதல் கூட்டம் நடக்கும். உடல்நலமில்லாதவர்களின் பெயர்களைப் பாதிரியார் படிப்பார். அந்த வாரம் ஓடெலின் பெயர் முதலில் இருந்தது. படித்து முடித்ததும் ஓடெல் இருக்கையின் முதுகைப் பற்றிக்கொண்டு எழுந்து நின்றார்.

"என் பேரை எடுத்துட்டு அந்தப் பையன் பேரைப் போடுங்க, பாஸ்டர்."

"பட்டியல்ல ரெண்டு பேருக்கும் எடம் இருக்கு, ஓடெல்."

"இல்லீங்க. ரெண்டு கேட்டா ஒண்ணுதான் கெடைக்கும். பத்து வருஷமா ஒண்ணு கேட்டே ஒண்ணும் கெடைக்கல."

பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். பாதிரியார் சிரிக்கவில்லை. ஜெனீவா தலையைக் குனிந்துகொண்டு, கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தைத் திறந்து திறந்து மூடினார்.

வியாழக்கிழமை காலை, விறகை எடுத்துக்கொண்டு வந்த ஓடெல் பின்கட்டுப் படியில் விழுந்தார். நான் ஓடிச் சென்றபோது விறகு நாலாபுறமும் சிதறிக் கிடந்தது. ஜெனீவா அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸ் வந்து அவரை அந்த அறுபது மைலும் கொண்டுபோயிற்று; ஜெனீவாவோடு நானும் போனேன். இனித் திங்கட்கிழமை வரை வைத்திருக்க முடியாது என்றார் மருத்துவர். வடக்கிலிருந்து வந்த இளம்பெண் அவர். வெள்ளிக்கிழமை முழுவதும் மருந்தால் நிலைப்படுத்தி, சனிக்கிழமை பதினொரு மணிக்கு அறுப்பதாகச் சொன்னார். ஆட்டம் இரண்டரை மணிக்கு.

"அரைநாள் தள்ள முடியாதா?" என்று ஓடெல் கேட்கவில்லை. கேட்பார் என்று ஜெனீவாவும் நானும் எதிர்பார்த்தோம். அவர் சரி என்று தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். கட்டிலில் படுத்தபடி அவர் வாதாடியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஹாய்ட் வந்து சேர்ந்தார். பெல்லமியின் பச்சைத் தொப்பி இல்லாத அவருடைய தலையை அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"நீ இங்க என்னடா பண்ற?" என்றார் ஓடெல். "ஆட்டத்துக்குக் கெளம்பு. பாலத்துல வண்டி நிக்க ஆரம்பிச்சிருக்கும்."

"போய்?"

"போய் ஜெயி."

"ஜெயிச்சுட்டு யார்கிட்ட போய்ச் சொல்றது? உன்னை மாதிரி மூஞ்சி தொங்கப்போட இந்த மாநிலத்துலயே வேற ஆள் இல்ல."

"அப்போ ஜெயிக்கப்போறீங்கன்னு முடிவே பண்ணிட்ட."

"முடிவு பண்ணிப் பத்து வருஷம் ஆச்சு, மச்சான்."

ஓடெலின் உதட்டோரம் சிறிது அசைந்தது. "உன் மண்டை நல்லா வழுக்கையாயிடுச்சுடா" என்றார். ஹாய்டுக்கு அது போதுமானதாக இருந்தது. வாசலுக்கு வந்து சுவரில் சாய்ந்துகொண்டு, நல்ல செய்தி கேட்டவர்போலத் தங்கையின் தோளைத் தட்டினார்.

அன்று பிற்பகல் தாக்ஸ்டன் ஆறுக்கு முப்பத்தொன்று என்று தோற்றது. அந்த ஆறு புள்ளிகளும் அந்த இளைஞன் உதைத்தவை. இரண்டு உதைகளும் நடுவில் போயின. ஓடெல் அதை அறியவில்லை. அறுவை நடந்துகொண்டிருந்தபோது அவருடைய இதயம் இரண்டு முறை நின்றது. இரண்டாம் முறைக்குப் பிறகு அதை இயக்க அவர்களால் முடியவில்லை. மருத்துவர் வெளியே வந்து சொன்னபோது மணி இரண்டேகால், ஆட்டம் தொடங்கியிருக்கவில்லை. ஹாய்ட் "இன்னொரு தடவ பாருங்களேன்" என்று அந்தப் பெண்ணிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று காலையில், ஓடெலை அறுவைக்கு உள்ளே கொண்டுபோகச் சில நிமிடங்களே இருந்தபோது, ஜெனீவா தாதியோடு ஏதோ கையெழுத்திடப் போயிருந்தார். ஹாய்ட் காப்பி வாங்கப் போயிருந்தார். ஓடெல் என்னை அருகில் அழைத்தார். மயக்கத்துக்கான மருந்து ஏறத் தொடங்கியிருந்ததால் ஒவ்வொரு சொல்லையும் மெதுவாகச் சொன்னார்.

"மிஸ் கோமதி, நான் கண்ணு முழிச்சதும் அவங்க ரெண்டு பேரையும் முதல்ல உள்ள விடாதீங்க. ஜெனீவா மொகமே சொல்லிடும். ஹாய்ட் நடக்குற சத்தத்துலயே எனக்குத் தெரிஞ்சிடும். நீங்க வாங்க. உங்க மொகத்துல ஒண்ணும் தெரியாது, நீங்க பொய் சொல்றவங்களும் இல்ல, அதனால நம்பிடுவேன். நாம தோத்திருந்தா மட்டும், மின்னல் அடிச்சுது, ஆட்டத்தைப் பாதியில நிறுத்திட்டாங்க, இன்னும் முடியலன்னு சொல்லுங்க. ஒரு நாளைக்கு மட்டும் சொல்லுங்க, போதும்."